மூன்றாவது ஆளின் தண்ணீர்

இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டில் மூன்று பேருக்கான தண்ணீர் ஓடியிருந்தது.

மீட்டர்காரர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் பதித்த சிமெண்ட் தொட்டி, அதன் மேல் இரும்பு மூடி, உள்ளே மீட்டர். விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எண்களை வாய்க்குள் படித்தார். போன மாதம் எழுதிவைத்த எண்ணைக் கழித்தார். பதினோராயிரத்து எழுநூறு லிட்டர். முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் படித்த மனிதர் அவர். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு நூற்று முப்பது லிட்டர், குளிக்க, துவைக்க, சமைக்க, கழிவறைக்கு எல்லாம் சேர்த்து. அவர் கணக்கு அதுதான், அது தப்பியதே இல்லை. மாமியார் வந்து சேர்ந்ததும், மகன் கோபித்துக்கொண்டு கிளம்பியதும் அவருக்கு அந்தந்த வீட்டு மீட்டர் சொல்லிவிடும். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அவருக்கு வேறு பெயர் இல்லை.

எங்கேயாவது கசியலாம். எண்களுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு சிவப்புச் சக்கரம் உண்டு. நூல் அளவு கசிந்தாலும் அது விடாமல் சுற்றும். பார்த்துக்கொண்டே இருந்தார். அது நின்றிருந்தது. பிறகு கொஞ்சம் சுற்றியது. நின்றது. மறுபடி கொஞ்சம் சுற்றியது. கசிவு இப்படி மூச்சு வாங்காது. யாரோ எடுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள்.

நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். ஒரு ஜன்னலிலும் விளக்கு இல்லை.

அவருக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். இரண்டு பேர் என்று சொல்லிக் குடிவந்துவிட்டு மூன்றாவது ஒருவரை உள்ளே ஒளித்துவைத்திருக்கிறார்கள். யாருக்குக் காது குத்தப் பார்க்கிறார்கள்?

இந்த வீட்டை அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. வாங்குவதற்கு முன் ஒரு நோட்டில் மூன்று பக்கம் எழுதினார். வீடு காலியாகக் கிடந்தால், வாடகை வராவிட்டால், வந்தவன் காலி செய்ய மறுத்தால், கூரை ஒழுகினால், வட்டி ஏறினால், சொன்னதைவிட அதிகம் பேர் வந்து நெருக்கியடித்தால் என்று இடது பக்கம் ஆபத்து, வலது பக்கம் அதற்கு மருந்து. எழுதி முடித்துப் பெருமையாக மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"நாம குடியிருக்கிற வீட்டை அடமானம் வைக்கிறோமே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அது ரிஸ்க் இல்லம்மா. அது முதல்."

"மூணு மாசம் தவணை நின்னா பேங்க்ல அந்த முதலைத்தானே எடுப்பாங்க? நான் எங்க போய் நிக்கறது?"

அவர் நோட்டை வாங்கி மூடிவிட்டார். வாடகை வரும், அது தவணையைக் கட்டும், பன்னிரண்டு வருடத்தில் இரண்டு வீடும் அவர்களுடையது. அவளுக்காகத்தான் இந்தப் பாடே. பிள்ளை குட்டி இல்லாதவள், தான் போன பிறகு அவள் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று அவர் நிஜமாகவே நினைத்தார்.

அந்த வீடு மலிவாக வந்ததற்குக் காரணம், அதற்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. வந்த ஆளெல்லாம் அதைக் கேட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். மீட்டர்காரருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வாரியத்தில் பழைய சகாக்கள் இருக்கிறார்கள், ஒரு வாரத்தில் இணைப்பு வாங்கிவிடுவார். குழாயை அறுத்து, வாயில் சிமெண்ட் வைத்து அடைத்து, அதன் மேல் இரும்புத் தகடு வேறு அறைந்திருந்தது. இவ்வளவு மெனக்கெட்டு ஏன் அடைத்தீர்கள் என்று வீட்டை விற்ற மருந்துக் கடைக்காரரிடம் கேட்டார்.

"தண்ணி இல்லாம இருக்கறதுதான் அந்த வீட்டுக்கு நல்லது சார்," என்றார் மருந்துக் கடைக்காரர். "லாரித் தண்ணிகூட எறக்காதீங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் போனார்.

வாரியத்துக்குப் பெரிய பாக்கி வைத்திருப்பான் என்று மீட்டர்காரர் எடுத்துக்கொண்டார். அவர் வேலை அப்படித்தான் யோசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. சிமெண்டை உடைத்த அன்று பிளம்பர் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தான். "சார், காத்து வெளிய வரணும். இது உள்ள இழுக்குது." உள்ளங்கை நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தது. வேலையைப் பாருப்பா என்றார் மீட்டர்காரர்.

வாடகைப் பத்திரத்தை அவரே எழுதினார். வீட்டுத் தரகரான மைத்துனன், அவர் மனைவியின் தம்பி, பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னான்.

"மாமா, ஒரு வார நோட்டீஸ்ல காலி பண்ணணும்னு போடுங்க. வெறுமனே போட்டா கோர்ட்ல நிக்காது. காலி பண்ணச் சொன்னா வேற எடம் நாங்களே பாத்துக் குடுப்போம்னு சேத்துக்குங்க. நியாயமா தெரியும்."

"கேட்டா எங்கடா போய்க் கொடுக்கறது?"

"எந்த வாடகைக்காரன் பத்திரத்தைப் படிக்கிறான்?"

இருவரும் சிரித்தார்கள். அது ஏழாவது ஷரத்து. எட்டாவது, யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல். அதில் இல்லாதவர் தங்கக் கூடாது. அதன் அடியில் உரிமையாளர் முகவரி.

குடிவந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. கணவர் பல் செட் செய்யும் தொழிலாளி, மனைவி பள்ளியில் ஓவிய டீச்சர். கணக்கு இடித்த அன்றே மாலை ஆறு மணிக்கு மீட்டர்காரர் பத்திரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

திறந்த டீச்சரைப் பார்த்ததும் என்ன சொல்ல வந்தார் என்பது ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. ஒரு மாதத்துக்கு முன் பார்த்த பெண்தான். உதடுகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பேச வாயைத் திறந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. உள்ளே ஜன்னல் ஓரத்தில் பாட்டிலில் வைத்திருந்த கொடி சருகாகத் தொங்கியது. மேஜை மேல் வரைந்து பாதியில் நிறுத்திய படம், பக்கத்தில் பிரஷ் கழுவும் டம்ளர். டம்ளர் அடியில் சாயம் வெடித்துப் பொருக்காகக் கிடந்தது.

அவர் விடவில்லை. செருப்பை எண்ணினார், இரண்டு ஜோடி. பல் தேய்க்கும் பிரஷ் இரண்டு. தட்டு இரண்டு.

"மூணாவது ஆளை எங்க வச்சிருக்கீங்க?"

"நாங்க ரெண்டே பேர்தான் சார்." கணவர் சுவரில் சாய்ந்து நின்றார், அவர் குரலும் காய்ந்திருந்தது. "ராத்திரி ரெண்டு பக்கெட் புடிச்சு வைக்கிறோம். காலையில ரெண்டும் காலி. பக்கெட்ல ஓட்டை இல்ல. தரையிலயும் ஈரம் இல்ல."

"அப்ப கசிவும் இல்ல. கசிஞ்சா ஈரம் இருக்கும். ஈரமில்லாம தண்ணி போகுதுன்னா அது ஆள். எனக்கா தெரியாது?" மீட்டர்காரர் மேஜை மேல் பத்திரத்தை விரித்தார். "மூணு பேருக்கு உண்டான வாடகையை அடுத்த மாசத்திலேர்ந்து குடுத்துடுங்க. பட்டியல்லயும் ஏத்திடறேன். பேர் என்ன?"

டீச்சர் அவர் பேனா மேல் கையை வைத்தாள். விரல்கள் காகிதம்போல் இருந்தன.

"எழுதாதீங்க சார். அது இருக்கறதை நாங்க கண்டுக்கறதே இல்ல. அதனாலதான் அது பாத்ரூமைத் தாண்டாம இருக்கு. நீங்க கணக்குல சேத்துடாதீங்க."

குற்றம் செய்தவர்கள் இப்படித்தான் உளறுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவள் கையை விலக்கிவிட்டு, இரண்டு பெயர்களுக்குக் கீழே மூன்று என்று எண் போட்டு, 'மூன்றாவது நபர்' என்று எழுதி, பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டார். பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

அப்போது ஒரு சத்தம் நின்றது. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம். மடக், மடக் என்று.

இப்போது அங்கே யாரோ குடிப்பதை நிறுத்திவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் வீட்டுச் சாவி மீட்டர் தொட்டிக்குள் கிடந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றியிருந்தது. 'அட்வான்ஸ் வேண்டாம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் கிளம்புகிறோம்.'

நோட்டில் முதல் வரியாக எழுதிய ஆபத்து, வீடு காலியாகக் கிடப்பது, வந்தேவிட்டது. அந்த மாதத் தவணை நின்றது. அடுத்த மாதமும் நின்றது. மைத்துனன் அழைத்துவந்த ஆட்களெல்லாம் வாசல்படி வரை வந்து, எச்சில் விழுங்கி, அப்புறம் சொல்கிறோம் என்று போனார்கள். மனைவி பாத்திரங்களை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஈ காக்கை இல்லாத வீட்டில் நாளொன்றுக்கு நூற்று முப்பது லிட்டர். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை.

ஒரு நாள், நல்ல வெயில் நேரமாகப் பார்த்து உள்ளே போனார். பகலில் என்ன இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையில் ஒரு பாட்டில் தண்ணீர், கையில் டார்ச், குறடு. முதலில் வெளியே கழிவுநீர்த் தொட்டியின் மூடியை நெம்பித் தூக்கினார். குளித்த தண்ணீர், கழுவிய தண்ணீர் எல்லாம் அதில்தான் வந்து விழவேண்டும். அது ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது. குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது, வலையில் தூசு படிந்திருந்தது. இரண்டு மாதமாக உள்ளே போன தண்ணீரில் ஒரு கைப்பிடிகூட வெளியே வரவில்லை.

ஆனாலும் உள்ளே போனார். சமையலறைக் குழாய் மூடியிருந்தது. பின்கட்டுக் குழாய் மூடியிருந்தது. வீட்டில் வெயிலில் காய்ந்த சுண்ணாம்பின் வாசனை. மூச்சு இழுத்தால் மூக்கின் உள்தோல் இறுகியது. சுவர்கள் எல்லாம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தன, வெடிப்புகள் ஒவ்வோர் அறையிலிருந்தும் கிளம்பி ஒரே பக்கமாகப் போயின. அவரும் அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தார்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

மடக்.

நின்றார்.

மடக். மடக்.

அவசரமில்லாத சத்தம். நிறைய நேரம் இருக்கும் ஒருவர் குடிக்கும் சத்தம். வாய் எங்கே முடிகிறது, தொண்டை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு நீளமான விழுங்கல்.

ஓடினார். வயது, முட்டிவலி எல்லாம் மறந்து ஓடினார். கேட்டருகே மண்டி போட்டு, மீட்டருக்கு முன்னால் இருந்த வால்வைக் குறடால் இறுக்கி மூடினார். சிவப்புச் சக்கரம் நின்றது. வீட்டுக்குள் குழாய்கள் அதிர்ந்தன, உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். பிறகு அமைதி.

அந்த அமைதியில் அவர் நாக்கு காய்ந்தது.

மெதுவாக அல்ல. ஒரே இழுப்பில். வாயில் இருந்த எச்சில் போயிற்று. கண் இமைக்க முடியவில்லை, இமை விழியில் ஒட்டியது. பையைத் திறந்து பாட்டிலை எடுத்தார். வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தது, மூடியைத் திருகக்கூட இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை.

வால்வைத் திறந்துவிட்டார். சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவர் வாயில் ஈரம் ஊறியது. தெரு மண்ணில் உட்கார்ந்து அழுதார். கண்ணீர் வருகிறதே என்பது அப்போது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை மைத்துனன் போன் செய்தான். "மாமா, ஒரு குடும்பம் எடுத்துக்கறேன்னு சொல்லிடுச்சு. வீட்டை இன்னும் பாக்கல, பாக்காமயே வரேங்கறாங்க. அஞ்சு பேரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறாங்க."

"அதுக்குள்ள காலி பண்ணிடறேன்."

"காலியாத்தானே இருக்கு?"

மீட்டர்காரர் போனை வைத்துவிட்டார். மூன்றாவது தவணை நின்றால் மனைவி தெருவுக்கு வந்துவிடுவாள், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. இரும்புப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்தார். எட்டாவது ஷரத்தில், மூன்றாவது நபரின் பெயருக்காக விட்டிருந்த இடத்தில், காகிதம் நனைந்து காய்ந்ததுபோல் ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. புரிந்ததும் பைத்தியக்காரத்தனமான ஒரு நிம்மதி வந்தது. பேயோ பிசாசோ தெரியாது, ஆனால் அது கைநாட்டு வைத்துப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. வாடகைக்காரர்தான். வாடகைக்காரரைக் காலி செய்ய வைப்பதற்கு வழி உண்டு. வெள்ளைத் தாளில் எழுதினார். 'மூன்றாவது நபருக்கு. இந்த நோட்டீஸ் கிடைத்த ஏழு நாட்களுக்குள் மேற்படி வீட்டைக் காலி செய்து கொடுக்கும்படி அறிவிக்கிறேன்.' முறைப்படி பத்திரத்தின் நகலையும் சேர்த்தார். மறுநாள் குளியலறைக் கதவில் ஒட்டினார், பசை தடவும் முன்பே காய்ந்தது, நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே சத்தம் நின்று நின்று கேட்டது.

எட்டாம் நாள் விடியற்காலையில் போய் மீட்டர் மூடியைத் தூக்கினார். சக்கரம் நின்றிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம். அரை மணி நேரம் டார்ச்சைப் பிடித்த கை மரத்துப்போகும்வரை பார்த்தார். நேற்று இரவு வந்து பார்த்த எண், அதற்குப் பிறகு அசையவில்லை.

மீட்டர்காரர் சிரித்தார். வீடு பிழைத்தது. இரண்டு வீடும் பிழைத்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், திட்டினால் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளே காற்று மாறியிருந்தது. குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே வெறும் சுவர், வெறும் தரை, ஒரு காய்ந்த பக்கெட். கதவில் அடித்த தாள்கள் அப்படியே இருந்தன. கிழிப்பதற்காகக் கிட்டே போனவர், டார்ச்சைத் தாழ்த்தினார்.

பத்திரத்தின் நகலில் ஒரு கட்டைவிரல் தடம். ஏழாவது ஷரத்தின் மேல். அவரே தன் கையால் எழுதிய வரி. 'காலி செய்யச் சொல்லும் பட்சத்தில் தகுந்த வேறு இருப்பிடம் அளிப்பது உரிமையாளரின் பொறுப்பு.'

அந்தத் தடம் காய்ந்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. கீழே. உரிமையாளர் முகவரியின் மேல்.

அது ஈரமாக இருந்தது.

ஸ்கூட்டரை எப்படிக் கிளப்பினார், எந்தத் தெரு வழியாகப் போனார் என்பது அவருக்கு நினைவில்லை. போனில் மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுத்தாள். பேசவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும்.

அவர் வீட்டு வாசல். அவரே பதித்த மீட்டர். மூடியைத் தூக்கினார். சிவப்புச் சக்கரம்.

சுற்றியது. நின்றது. சுற்றியது.

கதவு தாழிடாமல் இருந்தது. மனைவி சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழாய் முழுசாகத் திறந்திருந்தது, தண்ணீர் நன்றாகத்தான் விழுந்தது, ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பாகம் காய்ந்திருந்தது. அவள் உதடுகள். அவர் வெளியே போய்வந்த நேரத்தில் அப்படி ஆக முடியாது. ஆகியிருந்தது.

"யாரோ வந்தாங்க," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தோல் வெடித்தது. "நீங்க எடம் குடுத்திருக்கீங்கன்னு சொன்னாங்க. உள்ள விட்டேன். தண்ணி கேட்டாங்க."

"எங்க? எங்க இருக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். அழப் பார்த்தாள், கண்ணில் வருவதற்கு ஒன்றும் இல்லை. "தாகமா இருக்குங்க."

ஒரு டம்ளரைக் குழாயில் பிடித்தார். நிரம்பியது. ஒரு கையால் டம்ளரின் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அவள் பக்கத்தில் மண்டியிட்டு, பொத்திய கையை விலக்கி அதைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தாங்கி, டம்ளரை அவள் உதட்டில் வைத்தார். குடிம்மா, என்றார். மெதுவா குடி.

மடக். மடக். மடக்.

டம்ளரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பாதி. கால். அடி.

அவள் தொண்டை அசையவில்லை.